சிங்கமா, புலியா?

உங்கள் வீட்டில் கோடை விடுமுறைக்குப் பேரக் குழந்தைகள் வந்து தங்குவதுண்டா? உண்டென்றால் இதை அவசியம் படியுங்கள். இல்லையென்றாலும் படித்து வையுங்கள். என்றைக்காவது ஒரு நாள், நீங்கள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கும் சமயமாகப் பார்த்து ஒரு பொடியன் வந்து முந்தானையைப் பிடித்து இழுப்பான். "சிங்கமும் புலியும் சண்டை போட்டா யார் ஜெயிப்பாங்க?" என்று கேட்பான். அப்போது என்னைப் போல் விழிக்காமல் இருக்கலாம்.

என்னை விழிக்க வைத்தது 2025-ம் வருஷம் மே மாதம். என் கணவர் நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். இப்போது பிள்ளைக்கும் இங்கேயே வேலை. ஆகையால் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் மாறிற்றே தவிர ஊர் மாறவில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும் வீதிகள், வீட்டைச் சுற்றித் தோட்டம், மாமரம், முருங்கை. பிள்ளைகள் ஓடி விளையாட இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். எந்தப் பாட்டியும் தன் ஊரைப் பற்றி அப்படித்தான் சொல்வாள் என்கிறீர்களா? அதுவும் வாஸ்தவம்தான்.

என் பெண் ஆமதாபாத்தில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை, பதினைந்து நாள், மகனை அழைத்துக்கொண்டு வருவாள். அவனுக்குப் பதினொரு வயது. இங்கே இருக்கும் பேரனுக்கு ஒன்பது. இரண்டு பேரும் வந்த அன்றைக்கே ஒட்டிக்கொண்டுவிடுவார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவது என்ன, ஒரே தலையணையில் தூங்குவது என்ன! ஒன்பதாம் நாள் வரைக்கும் எல்லாம் பிரமாதமாகத்தான் நடந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு புத்தகத்தால் வந்தது வினை. முந்தின வருஷம் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் சின்னவனுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய படப் புத்தகம் அது. இடது பக்கத்தில் சிங்கம், வலது பக்கத்தில் புலி. புத்தகத்தை மூடினால் இரண்டும் மூஞ்சியோடு மூஞ்சி மோதிக்கொள்ளும். எந்த வேளையில் அதை அப்படி அச்சடித்தார்களோ, புத்தகத்துக்குள் மோதிக்கொண்டிருந்த சண்டை கூடத்துக்கு வந்துவிட்டது.

பெரியவன் சிங்கக் கட்சி. இருக்காதா பின்னே? டிசம்பர் மாதம் அப்பா அம்மாவோடு கிர் காட்டுக்குப் போய், ஜீப்பில் உட்கார்ந்து, பத்து கஜ தூரத்தில் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவன். அந்த ஊர்க்காரர்கள் சிங்கத்தை 'சாவஜ்' என்று செல்லமாக அழைப்பார்களாம். பேச்சுக்குப் பேச்சு சாவஜ், சாவஜ் என்பான். சின்னவன் புலிக் கட்சி. அவன் புலியைப் பார்த்தது வண்டலூரில்தான். அதுவும் முதுகுப் பக்கம். ஆனாலும் சோழர் கொடியில் இருந்தது புலி, தேசிய விலங்கு புலி, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இருப்பது புலி என்று அவனுக்கு அசைக்க முடியாத வாதங்கள்.

"ரூபாய் நோட்டிலே இருக்கிறது சிங்கம்டா! அசோக ஸ்தம்பம்!" என்றான் பெரியவன்.

நானும் யோசித்துப் பார்த்தேன். முத்திரைக்குச் சிங்கத்தையும் தேசிய விலங்குக்குப் புலியையும் வைத்துக்கொண்டு சர்க்காரே இந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிறதே! 1970-களின் தொடக்கம் வரைக்கும் தேசிய விலங்கும் சிங்கமாகத்தான் இருந்தது. 1973 ஏப்ரலில் புலியைக் காக்கும் திட்டம் தொடங்கிய காலத்தையொட்டிப் புலிக்குப் பட்டம் கட்டினார்கள்.

தீர்ப்புக்காகத் தாத்தாவிடம் போனார்கள். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே, "யானை" என்றார்.

"தாத்தா! போட்டியிலே யானையே இல்லை!"

"அதனாலே என்ன? யானைதான் ஜெயிக்கும்" என்று பக்கத்தைத் திருப்பினார். முப்பது வருஷம், ஒரு வீதி அளவு நீளமுள்ள பக்கெட் வீல் இயந்திரங்களோடு பழகிய மனிதர். அவருக்கு எடை ஒன்றுதான் கணக்கு.

அடுத்தபடி எதிர்வீட்டு அம்மாளிடம் போனார்கள். அந்த அம்மாள் கொஞ்சமும் தயங்கவில்லை. "எம்.ஜி.ஆர். 'குலேபகாவலி'யிலே புலியை ஜெயிச்சார், 'அடிமைப் பெண்'ணிலே சிங்கத்தை ஜெயிச்சார். இதிலே கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 1955-லும் 1969-லும் வந்த படங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். அப்புறம் நடந்ததுதான் சிரிப்பில்லை.

அன்று மத்தியானம் கூடத்தில் எல்லோரும் இருக்கிறோம். வாதத்தில் தோற்றுக்கொண்டிருந்த சின்னவன், புத்தகத்தில் படித்ததை ஓர் அஸ்திரமாக எடுத்து விட்டான். "உன் சிங்கம் என்ன பெரிய ராஜா? பெண் சிங்கம்தான் வேட்டைக்குப் போகும். ஆண் சிங்கம் வீட்டிலே படுத்துத் தூங்கிட்டு, பொண்டாட்டி கொண்டு வர்றதைத் தின்னும்!"

குழந்தை சொன்னது மிருகத்தைப் பற்றி. ஆனால் கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்போல் ஆயிற்று. சகோதரிகளே, என் மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடி ஏழு மாதமாகியிருந்தது. பெண்ணின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தத் தடவை அவர் வரவும் இல்லை. பெரியவனின் முகம் சிவந்தது. பளாரென்று ஓர் அறை. சின்னவன் புத்தகத்தால் திருப்பி அடித்தான். நடுப்பக்கம் சரியாகச் சிங்கத்துக்கும் புலிக்கும் நடுவே கிழிந்தது.

அழுகையைவிட அதற்குப் பிறகு வந்த மௌனம்தான் பயங்கரம். என் பெண் எழுந்து உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "குழந்தைக்குத் தானாவா அம்மா இந்தப் பேச்சு வரும்? பெரியவங்க பேசறதைக் கேட்டிருப்பான்" என்றாள். மருமகள் காதிலும் அது விழுந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சப்பாத்தி மட்டும் நாலு தீய்ந்து போயிற்று.

உண்மையில் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி மருமகள் இரக்கமாகத்தான் பேசுவாள். ஆனால் இதை எப்படி நிரூபிப்பது? "நாங்கள் அப்படிப் பேசவில்லை" என்று சொல்வதே பேசியதற்கு அத்தாட்சி மாதிரி ஆகிவிடுமே! ரயிலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. வருஷத்துக்குப் பதினைந்தே நாள் சேர்ந்திருக்கும் குடும்பம் இப்படியா பிரிவது? எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடைசியில், சிங்கத்தால் வந்த வம்பு சிங்கத்தாலேயே தீரட்டும் என்று, பிள்ளையின் உதவியோடு புத்தகங்களையும் செல்போனையும் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். அறுபத்தேழு வயதில் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி!

மறுநாள் ராத்திரி சாப்பாடு ஆனதும், தோட்டத்தில் பாயை விரித்து, கொசுவர்த்தியை ஏற்றி வைத்து, இரண்டு பேரையும் கூப்பிட்டேன். என் வலது பக்கம் ஒருவன், இடது பக்கம் ஒருவன். நடுவே நான், கிழிந்த பக்கம் மாதிரி. மருமகள் பாத்திரம் விளக்கும் சத்தம் பின்னால் கேட்டது. பெண் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முதலில் உடம்பு" என்று ஆரம்பித்தேன். "கிர் காட்டு ஆண் சிங்கம் சுமார் 160-லிருந்து 190 கிலோ இருக்கும். நம் நாட்டு ஆண் புலி 180-லிருந்து 250 கிலோ வரைக்கும் இருக்கும்."

சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பெரியவன் வேறு பக்கம் பார்த்தான். பொய் சொல்லி அவனைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. எடையைப் பார்த்தால் புலிக்குத்தான் பலம் என்று அழுத்தமாகச் சொன்னேன். ஆப்பிரிக்கச் சிங்கம் என்றால் போட்டி சமம்.

"ஆனால் எடை மட்டும் சண்டையைத் தீர்மானிக்காது. புலி தனியாக வாழும். காலிலே ஒரு முள் ஏறினாலும், பல் ஒன்று உடைந்தாலும், அதற்கு யார் சாப்பாடு போடுவார்கள்? பட்டினிதான். அதனால் சண்டை என்றாலே புலி ஆயிரம் யோசனை பண்ணும். மரத்தில் நகத்தால் கீறி, புதரில் வாசனை வைத்து, 'இது என் எல்லை, வராதே' என்று போர்டு மாட்டிவிட்டுப் போகும். சண்டை வராமல் இருக்கத்தான் அவ்வளவு பாடும். சிங்கம் அப்படி இல்லை. சின்ன வயசிலிருந்தே கூட்டத்தில் வளர்ந்தது. கூடப் பிறந்தவனோடு கட்டிப் புரண்டு பழகினது. ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்று கூட்டுச் சேர்ந்து ஓர் எல்லையைக் காவல் காக்கும். சண்டை போடுவதே அதற்கு உத்தியோகம்."

இங்கேதான் நான் காத்திருந்த கேள்வி வந்தது. பெரியவன் என் பக்கம் திரும்பாமலே கேட்டான்: "அப்போ... ஆண் சிங்கம் சும்மா தூங்கறது பொய்யா, பாட்டி?"

வாசற்படியில் முதுகு அசையவில்லை. பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"பாதிதான் உண்மை" என்றேன். "ஆப்பிரிக்காவில் பெண் சிங்கங்கள் சேர்ந்து வேட்டையாடுவது திறந்த புல்வெளியில் எல்லார் கண்ணிலும் படும். ஆண் சிங்கம் அடர்ந்த புதரில் பதுங்கி அடிப்பது யார் கண்ணிலும் படாது. அதனால் அதற்குச் சோம்பேறிப் பட்டம். 2013-ல் தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில் ஆராய்ச்சி பண்ணி, ஆண் சிங்கமும் நன்றாகவே வேட்டையாடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். நீ பார்த்தாயே, அந்தக் கிர் காட்டில் ஆண் சிங்கங்கள் பெரும்பாலும் பெண் சிங்கங்களோடு சேர்ந்தே இருப்பதில்லை. தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும்."

"அப்போ குட்டியை யார் பார்ப்பாங்க?"

"பால் கொடுப்பது அம்மா. ஆனால் வேறு ஆண் சிங்கம் எல்லைக்குள் நுழைந்தால் முதல் காரியமாகக் குட்டிகளைத்தான் கொல்லும். அது நுழையாமல் பார்த்துக்கொள்வது அப்பா. ராத்திரி முழுக்க எல்லையைச் சுற்றி நடந்து, கர்ஜித்து, பகலில் படுத்திருக்கும். பகலில் பார்க்கிறவன், 'அட, தூங்குமூஞ்சி!' என்பான். அது இருக்கிறதாலேதான் குட்டி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது."

பெரியவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க அப்பா தினமும் ஸ்கூல் வாசல்லே நிப்பாரு. மழை பெஞ்சாலும் நிப்பாரு" என்றான். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். சின்னவன் என் மடிமேலாகக் கையை நீட்டி, தன் போர்வையின் பாதியை அவன் மேல் போட்டான்.

"பிடரி மயிர் எதுக்கு பாட்டி? சண்டையிலே கழுத்தைக் காப்பாத்தவா?" என்று பேச்சை மாற்றினான் சின்னவன்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிபுணர்கள் அதையும் விடவில்லை. செரெங்கெட்டிக் காட்டில் உயிருள்ள சிங்கம் மாதிரியே பொம்மைகள் செய்து, ஒன்றுக்குக் கறுத்த பிடரி, ஒன்றுக்கு வெளுத்த பிடரி, ஒன்றுக்கு நீளம், ஒன்றுக்குக் குட்டை என்று வைத்து நிறுத்தி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். 2002-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. பெண் சிங்கங்கள் கறுத்த பிடரிக்காரனிடம் போயின. ஆண் சிங்கங்களோ கறுத்த பிடரிக்காரனைக் கண்டு ஒதுங்கின. ஆக, பிடரி என்பது கவசம் என்பதைவிட விளம்பரப் பலகை! எங்கள் வீட்டுத் தாத்தா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் சொன்னேன். சிங்கத்தையும் புலியையும் தோலை நீக்கி எலும்புக்கூடாக நிறுத்தினால் எது எது என்று சொல்வதற்குப் பழகிய கண் வேண்டுமாம். அவ்வளவு ஒற்றுமை. புலிக்கு மிக நெருங்கிய சொந்தம் பனிச்சிறுத்தை. சிங்கத்துக்கு நெருங்கிய சொந்தம் சாதாரணச் சிறுத்தை. அந்தக் கணக்குப்படி இவை இரண்டும் ஒன்றுவிட்ட உறவு. "உங்களை மாதிரி" என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று நிறுத்திக்கொண்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உபதேசம் என்றால் உடனே தூக்கம் வந்துவிடும்.

"நிஜமாவே யாரும் சண்டை விட்டுப் பார்க்கலையா பாட்டி?" என்றான் பெரியவன்.

விட்டுப் பார்த்திருக்கிறார்கள், அம்மா, விட்டுப் பார்த்திருக்கிறார்கள்! வியட்நாமில் ஹூவே என்ற பழைய ராஜதானி இருக்கிறது. அங்கே 1830-ல் மின் மாங் என்ற மன்னர் புலிக்கும் யானைக்கும் சண்டை வைப்பதற்கென்றே செங்கல்லால் வட்டமாக ஓர் அரங்கம் கட்டினார். யானை அரசாங்கத்துக்கு அடையாளம். புலி, அடங்காத கலகக்காரனுக்கு அடையாளம். அப்படியிருக்க யானை தோற்கலாமா? ஆகவே புலியின் நகத்தைப் பறித்து, வாயைத் தைத்துச் சண்டைக்கு விடுவார்கள். 1904-ல் கடைசிச் சண்டை நடந்தது. அரங்கம் இன்னும் இருக்கிறது. ஜாவாத் தீவிலோ புலிக்கும் எருமைக்கும். புலி என்றால் வெள்ளைக்காரன், எருமை என்றால் நாம் என்று ஜனங்கள் மனசுக்குள் வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். பெரும்பாலும் எருமைதான் ஜெயித்தது. இன்று ஜாவாவில் புலியே கிடையாது. இருபதாம் நூற்றாண்டில் அந்த இனம் அழிந்துவிட்டது என்பது நிபுணர்களின் முடிவு.

"வாயைத் தைச்சா?" என்று சின்னவன் இரண்டு மூன்று தடவை கேட்டான். புலி ஜெயித்ததா தோற்றதா என்று அவன் கேட்கவே இல்லை.

யானை ஜெயித்த செய்தி மட்டும் தாத்தா காதில் விழுந்திருக்கிறது. "நான்தான் சொன்னேனே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதற்கடுத்து மே 22-ந் தேதி காலைப் பேப்பரில் ஒரு செய்தி. குஜராத்தில் சிங்கங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2020-ல் 674 ஆக இருந்தது, இப்போது 891. பெரியவன் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினான். சின்னவன் விடுவானா? 2022-ம் வருஷக் கணக்கில் இந்தியாவில் புலி 3,682, தமிழ்நாட்டில் மட்டும் 306 என்று மாமா போனில் தேடிக் கொடுத்ததை ஒப்பித்தான். மறுபடி யுத்தம் வந்துவிடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

"தம்பிகளா, இரண்டும் நல்ல செய்திதான்" என்று உட்கார வைத்தேன். "சிங்கத்தின் கதை தெரியுமா? ஒரு காலத்தில் வட இந்தியா முழுக்க இருந்தது. சுட்டுச் சுட்டு, 1900-ம் வருஷவாக்கில் கிர் காட்டில் மட்டும் ஏதோ சில டஜன் மிஞ்சின. ஜூனாகட் நவாப் வேட்டையைத் தடுத்ததால் பிழைத்தது. அந்த ஒரு கைப்பிடியிலிருந்துதான் இந்த 891-ம். ஆனால் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருக்கிறதே, அதுதான் கவலை."

"ஏன்? சிங்கத்தை யார் ஜெயிக்க முடியும்?"

"நாய்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாய்களுக்கு வரும் ஒரு வைரஸ் ஜுரம் இருக்கிறது. 1994-ல் அது செரெங்கெட்டியில் பரவி அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை, ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது. 2018 செப்டம்பரில் நம் கிர் காட்டுக்கும் வந்தது. உண்ணி கடித்து வரும் நோயும் சேர்ந்துகொள்ள, மூன்று வாரத்துக்குள் ஒரே பகுதியில் 23 சிங்கங்கள் மாண்டன. அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி மருந்து வரவழைத்தார்கள். 250 கிலோ புலி செய்ய முடியாததைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று செய்துவிட்டது.

இதற்காகத்தான், எல்லா முட்டைகளும் ஒரே சட்டியில் இருக்க வேண்டாமென்று, வெகு காலமாகவே சிங்கத்துக்கு இரண்டாவது வீடு தேடுகிறார்கள். நேரு வந்து நெய்வேலிச் சுரங்கத்தைத் தொடங்கி வைத்த அதே 1957-ல், மூன்று கிர் சிங்கங்களை உத்தரப் பிரதேசத்தில் சந்திரபிரபா காட்டில் கொண்டு போய் விட்டார்கள். 1965-க்குள் பதினொன்றாகப் பெருகின. பிறகு இருந்த இடம் தெரியாமல் மறைந்து போயின. அப்புறம் மத்தியப் பிரதேசத்தில் குனோ என்ற காட்டைத் தேர்ந்தெடுத்து, சிங்கத்துக்காக 24 கிராமத்து ஜனங்களை வேறிடத்துக்குக் குடியேற்றினார்கள். நெய்வேலிக்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். எங்கள் சுரங்கம் இருக்கும் இடத்திலும் முன்னே கிராமங்கள் இருந்தன. அடுப்பும் கிணறும் வேப்பமரமுமாக வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவது லேசான காரியமா? அவ்வளவு பேர் கிளம்பியும் குனோவுக்குச் சிங்கம் வரவில்லை. 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே அனுப்பச் சொல்லித் தீர்ப்பளித்தது; அப்படியும் வரவில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து விமானத்தில் எட்டுச் சிவிங்கிப் புலிகள் வந்து இறங்கின!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ரந்தம்பூர்ப் புலிகள் அவ்வப்போது நடந்தே குனோவுக்கு வந்து போகும். சிங்கமும் புலியும் ஒரே காட்டில் குடித்தனம் பண்ண முடியுமா என்று பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் விவாதித்திருக்கிறார்கள். பார்த்தீர்களா, எங்கள் கூடத்தில் நடந்த சண்டை எவ்வளவு தூரம் போயிருக்கிறது! முன்னே இரண்டும் ஒரே தேசத்தில் இருந்தவைதான். புலி அடர்ந்த காட்டையும், சிங்கம் வெட்டவெளிப் புதர்க்காட்டையும் விரும்பி எடுத்துக்கொண்டு அவரவர் பாட்டில் வாழ்ந்தன.

"குஜராத்திலேயே பர்தா காட்டுக்கும் போயிருக்கு பாட்டி. 17 இருக்காம், பேப்பர்லே போட்டிருக்கு" என்றான் பெரியவன், விட்டுக்கொடுக்காமல்.

"அங்கே தடுப்பூசி போட்டாங்களா?" என்று கேட்டான் சின்னவன். புலிக் கட்சித் தலைவருக்குச் சிங்கத்தின் மேல் வந்த கவலையைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தோட்டத்தில் நிஜமாகவே ஒரு சண்டைக்குச் சந்தர்ப்பம் வாய்த்தது. முருங்கை மரத்தடியில் ஒரு கீரி. அதற்கு எதிரே படமெடுத்து ஒரு நல்ல பாம்பு. வீட்டில் எல்லோரும் கம்பிக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீரிக்குப் பாம்பு விஷம் அவ்வளவாக ஏறாதபடி உடம்பிலேயே ஓர் அமைப்பு உண்டு. ஆகையால் கீரி ஜெயிக்கும் என்று பிள்ளைகள் இரண்டு பேரும், அதிசயமாக, ஒரே கட்சி. ஐந்து நிமிஷம் ஆயிற்று. கீரி வாலைச் சிலிர்த்தது; பாம்பு சீறிற்று. பிறகு கீரி எதையோ நினைத்துக்கொண்டதுபோல் திரும்பி வேலிப் பக்கம் போயிற்று. பாம்பு படத்தைச் சுருக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் இறங்கிற்று. அவ்வளவுதான்.

"சே!" என்றார்கள் இரண்டு பேரும். நாங்கள் பாம்பு பிடிக்கிறவருக்குப் போன் பண்ணினோம்.

திரும்பிப் பார்த்தால், அந்தக் களேபரத்தில் என் பெண் அவள் அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை விட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மருமகள்தான் முதலில் பேசினாள்: "குழந்தைக்கு அந்த வார்த்தை புஸ்தகத்திலே இருந்ததுங்க. நாப்பதாம் பக்கம்." பெண், "எனக்குத் தெரியும் அண்ணி, அன்னைக்கு ராத்திரியே எடுத்துப் பார்த்துட்டேன். சொல்லத்தான் வாய் வரலை" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது இரண்டு மூக்கும் சிவந்திருந்தன. பலகாரம் ஒன்றும் தயாராகவில்லை.

ஊருக்குக் கட்டிக் கொடுக்க மருமகள் பண்ருட்டி முந்திரியும் மாவடு ஜாடியும் எடுத்து வைத்தாள். மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒரு பொட்டலம் முறுக்கு, "அவருக்குக் காரம் ஜாஸ்தி பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே. புத்தகத்தையும் அவளே சோற்றுப் பசை தடவி ஒட்டினாள். பக்கம் கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டது. இப்போது சிங்கத்தின் முகத்துக்குப் பக்கத்திலேயே புலியின் மீசை ஆரம்பித்துவிடுகிறது. சின்னவன் அதைப் பெரியவனின் பெட்டியில் வைத்தான். பெரியவன் எடுத்து வெளியே வைத்தான். இப்படி நாலு தடவை நடந்து, கடைசியில் புத்தகம் ஆமதாபாத்துக்கே போயிற்று.

சென்னைக்குப் போய் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். பஸ் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் நகர்ந்ததும் பெரியவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தாத்தா! முதலையும் நீர்யானையும் சண்டை போட்டா?" என்று கத்தினான்.

தாத்தா கையை ஆட்டிக்கொண்டே, பஸ் மறைகிற வரைக்கும் கேட்கும்படியாக, "யானை!" என்றார்.